சுகர் ஃப்ரீ கப்புக்குள்ள என்ன இருக்கு?

'சுகர் ஃப்ரீ' ஐஸ்கிரீம் கப்போட லேபிளைப் படிச்சிருக்கீங்களா? சர்க்கரைக்குப் பதிலா பெரும்பாலும் மால்டிடால் மாதிரி ஒண்ணு இருக்கும். சர்க்கரை கிராமுக்கு 4 கலோரின்னா, இது சுமார் 2.

அல்லிநகரத்தில் எங்க அத்தைக்குச் சுகர். "அப்ப எத்தனை வேணாலும் சாப்பிடலாம்ல?"ன்னு கேட்டாங்க. இல்லத்தை. சர்க்கரை அளவுக்கு இல்லைன்னாலும், மால்டிடாலும் ரத்தச் சர்க்கரையை ஏத்தும். கூடப் போனா வயித்தையும் கலக்கும்.

பெரிய கணக்கு கொழுப்புதான்: கிராமுக்கு 9 கலோரி. எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைஞ்சது 10 சதவீதம். 'லோ ஃபேட்'னா அதிகபட்சம் 2.5. சுகர் ஃப்ரீ கப்பில் அந்தப் 10 அப்படியே இருக்கலாம்.

அப்புறம் காத்து. கப் அளவு மில்லியில், கலோரி பெரும்பாலும் 100 கிராமுக்கு. காத்து நிறைய அடிச்ச 100 மில்லி கப் 55 கிராம்தான் நிக்கும். ரெண்டு பிராண்டை ஒப்பிடணும்னா கிராமுக்குக் கிராம் பாருங்க.