வயிறும் வாழ்வும் ஞானமும்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் வியக்கக்கூடும். விழாவில் விருந்துக்கு முன் பேசுவோருக்கு ஏற்ற பொருள்தான் இது என்று அமைதி கூறிக்கொள்கிறேன். மேலும், ரமணாசிரமத்தை அடுத்து வாழும் நமக்கு வயிறு அயலான பொருளன்று. அதற்கென்று ஒரு பாட்டே இங்குப் பிறந்திருக்கிறது.

நல்வழியில் ஔவையார் வயிற்றின் மீது ஒரு வழக்குத் தொடுத்தார். ஒரு நாள் உணவை விட்டுவிடு என்றாலும் கேளாது, இரண்டு நாளுக்கு உரியதை ஏற்றுக்கொள் என்றாலும் கேளாது, என் துன்பமும் அறியாது. இத்தகைய வயிற்றோடு வாழ்தல் அரிது என்பது அவ்வழக்கு. ஆசிரமத்தில் ஒரு விருந்துக்குப் பின் இப்பாடல் பேச்சில் வந்தபோது, பகவான் ரமணர் வயிற்றின் தரப்பில் எதிர்வழக்கு ஒன்றைப் பாடினார். ஒரு நாழிகையேனும் எனக்கு ஓய்வு தருகின்றாயா, ஓயாமல் உண்கின்றாயே, என் நோவை அறியாயே, உயிரே, உன்னோடு வாழ்தல்தான் அரிது என்று வயிறு உயிரிடம் முறையிடுகிறது. ஔவையின் ‘நாள்’ ரமணரிடத்தில் ‘நாழிகை’ ஆயிற்று. குற்றவாளிக் கூண்டில் நின்ற வயிறு வாதியாக மாறிற்று. நகைச்சுவையாகப் பிறந்த பாட்டேனும், அதனுள்ளே ஒரு மருத்துவ நூலின் சாரம் அடங்கியிருக்கிறது.

அச்சாரத்தை வள்ளுவரும் கூறினார். ‘மருந்து’ அதிகாரத்தில் பத்துக் குறட்பாக்கள் உள்ளன. முதற்குறள் வாதம் முதலிய மூன்றையும் சொல்ல, அடுத்த ஆறு குறட்பாக்களும் உணவையே பேசுகின்றன. முன் உண்டது அற்றதை அறிந்து உண்க, அளவறிந்து உண்க, மாறுபாடில்லாததை உண்க, மிகப் பசித்து உண்க என்பனவே அவற்றின் கருத்து. மருத்துவனைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வருகிறது. மருந்து என்னும் தலைப்பின் கீழ் உணவைப் பெரும்பகுதியாக வைத்த திறம் எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

சீன மருத்துவம் இதே உண்மைக்கு வேறொரு வழியால் வந்து சேர்ந்தது. அங்கே ஐம்பூதப் பகுப்பில் நடுவே நிற்பது மண். அம்மண்ணுக்கு உரிய உறுப்புகள் இரைப்பையும் மண்ணீரலும் ஆகும். அவர்கள் மண்ணீரல் என்று சொல்வது இன்றைய உடற்கூற்று நூல் காட்டும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. உண்டதை உருமாற்றி உடலெங்கும் சேர்ப்பிக்கும் ஆற்றலையே அச்சொல் குறிக்கிறது. வியப்பு என்னவென்றால், ‘சிந்தனை’ என்னும் மனத்தொழிலையும் அவர்கள் அதே உறுப்பில் வைத்தார்கள். ஓயாத கவலையும் முடிவில்லாத எண்ணச் சுழலும் செரிமானத்தைக் கெடுக்கும். செரிமானம் கெட்டால் எண்ணம் தெளியாது என்பது அவர்கள் கொள்கை. இரவெல்லாம் ஒரு சீருக்காகத் தவித்துவிட்டுக் காலையில் பசியின்றி எழுந்த கவிஞர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்றைய அறிவியலும் குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்பு வழியாகவும் வேதிப்பொருள் வழியாகவும் இருவழிப் போக்குவரத்து நடப்பதை ஒப்புகிறது. குடலின் சுவரிலேயே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஆயினும் பழைய நூல்கள் சொன்னதெல்லாம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று முழங்குதல் ஆய்வாளருக்கு அழகாகாது. வயிறும் மனமும் ஒன்றையொன்று அறியும் என்ற அளவில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன, அவ்வளவே.

பௌத்தத்திற்கு வருவோம். உடலை வாட்டி உணவை மறுத்த சித்தார்த்தர், அவ்வழியால் பயனில்லை என்று தெளிந்து, சுசாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார். போதி மரத்தடியில் ஞானம் பிறந்தது அதன் பின்னரே. நடுவழி என்னும் பெருங்கொள்கையின் முதற்படி ஒரு கிண்ணச் சோறு என்றால் அது மிகையாகாது.

கோசல மன்னன் பசேனதியின் கதை கவிஞர்களுக்கே உரியது. மிகுதியாக உண்டு பெருமூச்செறிய வந்த அரசனைக் கண்ட புத்தர், அளவறிந்து உண்பவனுக்கு நோய் குறையும், முதுமை மெல்ல வரும் என்னும் பொருளில் ஒரு பாட்டுரைத்தார். சுதர்சனன் என்னும் இளைஞனை அழைத்து, அப்பாட்டைக் கற்று நாள்தோறும் உணவு வேளையில் பாடு என்றான் மன்னன். அதற்கு நாளொன்றுக்கு நூறு காசும் தந்தான். சிறிது சிறிதாகக் குறைத்து, ஒரு நாழி அரிசிச் சோற்றளவில் அரசன் நின்றான், உடல் இலேசாயிற்று. நாம் அறிந்த அந்த ‘நாழி’ என்னும் அளவைச் சொல்லே பாலி மூலத்திலும் உள்ளது. பாட்டு மருந்தாகவும் பாடியவனுக்கு ஊதியமாகவும் அமைந்த அந்தக் காலத்தை எண்ணி நம் கவிஞர்கள் பெருமூச்செறியலாம்.

சீனத்தில் இந்த இரு மரபுகளும் கைகோத்தன. 538 முதல் 597 வரை வாழ்ந்த தியான்தாய் மரபின் ஆசான் சூயி, தியானத்தில் அமர விழைவோர் ஐந்தை ஒழுங்குசெய்ய வேண்டும் என்றார். உணவு, உறக்கம், உடல், மூச்சு, மனம் என்பன அவை. மிகுதியாக உண்டால் மூச்சு விரையும், மனம் அடைபடும். மிகக் குறைந்தால் உடல் தளரும், எண்ணம் நிலைகொள்ளாது என்பது அவர் விளக்கம். 671ஆம் ஆண்டு சீனத்தினின்று புறப்பட்டு நாளந்தாவில் பல்லாண்டு பயின்ற துறவி ஈ சிங், இந்தியத் துறவிகள் நோய் வந்தால் முதலில் உணவை நிறுத்தி உடலுக்கு ஓய்வு கொடுத்ததைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். லங்கணம் பரம ஔஷதம் என்னும் நம் நாட்டு வழக்கையே அவர் சீனத்திற்கு எடுத்துச் சென்றார் எனலாம்.

‘நான் யார்?’ என்னும் நூலில் ரமணர், மித அளவான சாத்துவிக உணவே மனத்தைத் தூய்மை செய்யும் நியமங்களுள் சிறந்தது என்றார். பட்டினி கிடப்பதை அவர் ஊக்கவில்லை. வெறும் பட்டினி மனத்தைக் குலைக்கும், உணவை ஒழுங்குசெய்தலே நன்று என்பது அவர் கருத்து. மலைமேல் வாழ்ந்த காலத்தில் அன்னை அழகம்மையார் அப்பளம் இடக் கைகொடுக்க அழைத்தபோது அவர் பாடிய அப்பளப் பாட்டை நாம் அறிவோம். அதில் உளுந்தாகிய அகந்தையை விசாரமென்னும் திரிகையில் உடைத்து, சத்சங்கமாகிய பிரண்டைச் சாற்றைச் சேர்த்து, சமம், தமம் என்பனவற்றைச் சீரகமும் மிளகுமாகக் கலந்து, உபரதியை உப்பாக்கி, நல்வாசனையைப் பெருங்காயமாக்குகிறார். பிரண்டை, சீரகம், மிளகு, பெருங்காயம் ஆகிய நான்கும் நம் பாட்டிமார் செரிமானத்திற்கெனக் கைக்கொண்டவை. கனத்த உளுந்தைச் செரிக்கச் செய்யும் சரக்குகளையே, கனத்த அகந்தையைச் செரிக்கச் செய்யும் குணங்களுக்கு உவமையாக்கினார். சமையலறை அறியாத ஒருவரால் இப்பாட்டைப் பாடியிருக்க முடியாது. பின்னாளில் ஆசிரம அடுக்களையில் விடியற்காலையில் காய் நறுக்கியவர் அவர்.

இவ்வளவில் நான் நிறுத்திக்கொண்டால், இவ்வுரை வயிறு நிறைந்தவர்கள் வயிறு நிறைந்தவர்களுக்குச் சொல்லும் அறிவுரையாகவே முடியும். ‘மிதமாக உண்’ என்னும் சொல் விருந்தினன் காதில் மருந்து. பசித்தவன் காதில் அதுவே வசை.

சீன மருத்துவர் லீ காவ் இதனை அறிந்தவர். 1232இல் மங்கோலியர் முற்றுகைக்கு ஆளான கைஃபெங் நகரில் மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டனர். பிற மருத்துவர்கள் வெளியிலிருந்து வந்த குளிர்நோய் என்று மருந்து கொடுத்தனர். லீ காவோ, பசியும் அச்சமும் உழைப்பும், முற்றுகைக்குப் பின் திடீரென நிறைய உண்டதும் வயிற்றின் ஆற்றலை அழித்ததே காரணம் என்றார். இரைப்பையையும் மண்ணீரலையும் பற்றி 1249இல் அவர் முடித்த நூல் அந்தப் பஞ்சத்தின் பிள்ளை.

நம் சாத்தனார் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தமிழின் பௌத்தக் காப்பியம் தத்துவ வாதத்தை இறுதிக்கு ஒதுக்கிவிட்டு, அமுதசுரபியை முன்னே வைக்கிறது. ஆதிரை இட்ட முதற்பிச்சை காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசியைத் தணிக்கிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது, பஞ்சமுற்ற காஞ்சியில் மணிமேகலை பசிப்பிணி தீர்க்கிறாள். பசி தீர்ந்த பின்னரே அவள் அறம் கேட்கிறாள். பசியைப் ‘பிணி’ என்று பெயரிட்டதே ஒரு மருத்துவக் கண்டுபிடிப்பு எனத் துணிந்து கூறுவேன். 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அம்மரபின் தொடர்ச்சி.

இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. சித்தார்த்தருக்கு ஒரு சுசாதை, மணிமேகலைக்கு ஓர் ஆதிரை, மலைமேல் வாழ்ந்த ரமணருக்கு ஒரு கீரைப்பாட்டி, ஒரு முதலியார் பாட்டி. ஞானத்தின் வரலாற்றில் சோறிட்ட கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். அவர்கள் எப்போது உண்டார்கள், சூடாக உண்டார்களா என்று எந்த நூலும் எழுதவில்லை. எல்லாரும் உண்ட பின், ஆறியதை, நின்றபடி உண்ணும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. பசித்தபின் உண்க என்று வள்ளுவர் சொன்னது அவர்களுக்கும் சேர்த்துத்தான். மருத்துவ நூல் எழுதாததைக் கவிஞர்கள் எழுதலாம்.

தவத்தோரின் வலிமை பசியைப் பொறுத்தல். அவ்வலிமையும் பிறர் பசியை மாற்றுவோர் வலிமைக்குப் பிற்பட்டது என்பது ஈகை அதிகாரத்து வள்ளுவர் தீர்ப்பு. தவத்தோர் நிறைந்த இம்மலையடியில் அத்தீர்ப்பு நாள்தோறும் நிறைவேறுகிறது. பகல் உணவுக்கு முன் ஆசிரம வாயிலில் சாதுக்களுக்கும் எளியவர்க்கும் சோறு வழங்கப்படுவதைப் பார்த்தபடிதான் நாம் ஒவ்வொரு கூட்டத்திற்கும் வந்து போகிறோம்.

ஆகவே கவிஞர் பெருமக்களே, தன் வயிற்றுக்கு அளவும் பிறர் வயிற்றுக்கு நிறைவும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே நலவாழ்வு. முதலாவது இல்லையேல் மனம் தெளியாது. இரண்டாவது இல்லையேல் தெளிந்த மனத்தால் எவருக்கும் பயனில்லை. ஔவையும் ரமணரும் தொடங்கி வைத்த வழக்கில் இதுவரை உயிரும் வயிறும் பேசியிருக்கின்றன. அடுத்த வீட்டின் வயிறு இன்னும் சாட்சி சொல்லவில்லை. அதன் வாக்குமூலத்தை நம் வட்டத்துக் கவிஞர்கள் எழுத வேண்டும் என்று வேண்டி அமைகிறேன்.