வாசிக்கிற பிள்ளைக்கு மேடை பெரிது



எங்கள் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவில் வாசிப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு வாசகியாகவும் ஒரு தாயாகவும் பேசுகிறேன். என் மகளுக்கு 16 வயது. அவள் நடிகையாக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பள்ளிக்கூடத்தில் நாடகப் பாடம் எடுக்கிறாள், பல்கலைக்கழகத்திலும் அதையே படிக்கப் போகிறேன் என்கிறாள். ரொறன்ரோவில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. பிள்ளை நடிப்பு என்று வாயெடுத்ததும், "நடிப்பு சோறு போடுமா?" என்றுதான் நாங்கள் முதலில் கேட்கிறோம். அது நியாயமான கேள்வி. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அதற்கு முன், நான் உறுதியாக நம்புகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்குத் தாய் தகப்பன் கொடுக்கக்கூடிய முதுசொம் வாசிப்புத்தான். அதிலும் தமிழ் வாசிப்பு.

நான் வாசிக்கத் தொடங்கியது யாழ்ப்பாணத்தில். 1990இல் யுத்தத்தோடு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகளுக்கு வரவில்லை. மண்ணெண்ணெயும் அருமை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, ஒரு சின்னத் திரியை ஏற்றுவோம். அந்த ஒற்றை வெளிச்சத்தைச் சுற்றித்தான் வீடு முழுக்க இருக்கும். புத்தகம் ஒன்று, விளக்கு ஒன்று, கேட்கிற காதுகள் பல. அதனால் ஒருவர் உரத்து வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

கிழமைப் பத்திரிகையில் வந்த அத்தியாயங்களைக் கிழித்தெடுத்துக் கட்டிய 'சிவகாமியின் சபதம்' நாவல் எங்களிடம் இருந்தது. அந்தக் கதையில் நாகநந்தி பேசும் இடம் வந்தால் என் குரல் தானாகத் தாழும். சிவகாமி பேசினால் வேறு குரல் வரும். நான் ஒரே குரலில் ஓட்டிக்கொண்டு போனால் அப்பாச்சி விடமாட்டா. "பிள்ளை, ஆர் கதைக்கிறது எண்டு விளங்கேல்லை, திருப்பி வாசி" என்பா. பேசுகிறவர் யார், யாரோடு பேசுகிறார், மனதுக்குள் எதை வைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதெல்லாம் பிடிபடாமல் ஒரு வரியைக்கூட உரத்து வாசிக்க முடியாது. வாசிப்பும் நடிப்பும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்று எனக்கு விளங்கியது அந்த விளக்கடியில்தான்.

இப்போது என் மகளிடம் வருகிறேன். ஓர் இளையோர் நாடகப் பயிற்சிக்கு அவள் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'எந்தையும் தாயும்' நாடகத்திலிருந்து ஒரு பகுதியைத் தெரிவு செய்தாள். சண்முகலிங்கம் ஐயாவை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். 'மண் சுமந்த மேனியர்' எழுதியவர். 'எந்தையும் தாயும்' பிள்ளைகள் வெளிநாடு போய்விட, ஊரில் தனித்துப்போன முதிய பெற்றோரைப் பற்றிய நாடகம். இந்த மண்டபத்தில் இருக்கிற எங்களில் பாதிப் பேருடைய வீட்டுக் கதை அது.

மகள் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஒரு பக்கத்தைக் கடக்க நெடுநேரம் எடுத்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். அவள் ஏற்ற முதியவளுக்கு ஓரிடத்தில் பேச்சு இல்லை, மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். "அம்மா, கதைக்காத நேரத்தில நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். "மற்றவை கதைக்கிறதைத் திரும்ப வாசி. அதைக் கேக்கிற ஆளுக்கு என்ன நடக்கும் எண்டு பார்" என்றேன். திரும்ப வாசித்தாள். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவோடு கதைத்தாள். "அம்மம்மா, தனிய இருக்கேக்க நீங்கள் எங்க இருப்பீங்கள்? என்ன பாப்பீங்கள்?" இதுதான் அவளுடைய கேள்வி. பின்னேரம் ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டிவிட்டு, மணி அடித்தால் உடனே எடுக்கலாம் என்று தொலைபேசிக்குக் கிட்டக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன் என்று அம்மம்மா சொல்லியிருக்கிறா.

அடுத்த ஒத்திகையில் மகள் தன் கதிரையைக் கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலக்கி, சின்ன மேசை ஒன்றுக்குக் கிட்டப் போட்டுக்கொண்டாள். முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக இருந்தாள். மற்றவர்கள் கதைக்கக் கதைக்க, அவள் கண் மட்டும் அந்த மேசைக்குப் போய்ப் போய் வந்தது. ஒரு சொல்லும் பேசவில்லை. ஊரை விட்டு வந்த பிள்ளை நான். என் அம்மாவின் பின்னேரத்தை, கனடாவில் பிறந்த என் மகளின் உடம்பில் அன்றைக்குக் கண்டேன். கூடுவிட்டுக் கூடு பாய்வது என்று சொல்வார்களே, அது நடந்தது. அழகாலோ ஒப்பனையாலோ அல்ல, ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்ததால் நடந்தது.

நாடக எழுத்துருவில் பெரும்பாலும் பேச்சுத்தான் இருக்கும். மிச்சமெல்லாம் வரிகளுக்கு இடையில் கிடக்கும். இவள் இந்த அறைக்குள் எங்கேயிருந்து வருகிறாள், யாரிடம் எதை எதிர்பார்க்கிறாள், ஏன் இந்த இடத்தில் பேச்சை மாற்றுகிறாள் என்பதையெல்லாம் நடிப்பவர்தான் வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நாவலும் சிறுகதையும் வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இந்தத் தேடல் கைவந்திருக்கும். மனிதர் ஒன்றை நினைத்து வேறொன்றைப் பேசுவார்கள் என்பதைக் கதைகளில் நூறு தரம் கண்டிருக்கும். அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளை திரையில் பார்த்த முகபாவத்தைப் பார்த்துச் செய்வதோடு நின்றுவிடும்.

எங்கள் நாடக வரலாறும் இதைத்தான் சொல்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் அவ்வை தி.க. சண்முகம் சேர்ந்தபோது அவர் சின்னஞ்சிறு பையன். அந்தப் பையன்களுக்கு நாடக எழுத்துருதான் பாடப் புத்தகம். செய்யுளும் வசனமும் மனப்பாடம் செய்தே மொழியைக் கற்றார்கள். அந்தச் சண்முகம் பிற்காலத்தில் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலை எழுதினார்.

பம்மல் சம்பந்த முதலியாருக்கு நாடகம் பிடித்துக்கொண்டது என் மகளைவிடச் சற்று மூத்த வயதில். 1873இல் பிறந்தவர், 1891இல் நண்பர்களோடு சேர்ந்து சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரை ஆழ்ந்து வாசித்து, 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். சென்னையில் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி சிறுகதை எழுதியவர். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் அந்தப் பட்டறையில் வளர்ந்தார்கள். எங்கள் காலத்தில், பிரான்சுக்கு அகதியாகப் போய் 'கொரில்லா' நாவலை எழுதிய ஷோபாசக்தி, 'தீபன்' படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்றார். அந்தப் படத்துக்கு 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருது கிடைத்தது. இவர்களில் பலருக்கு மேடைக்கோ திரைக்கோ போகும் வழியில் எழுத்தும் இருந்தது.

இனி அந்தச் சோற்றுக் கேள்விக்கு வருவோம். எங்களுக்குக் கிட்ட, மிசிசாகாவில் வளர்ந்த எங்கள் பிள்ளை மைத்ரேயி ராமகிருஷ்ணன், ஏறத்தாழ 15,000 பேர் விண்ணப்பித்த தேர்வில் தெரிவாகி, 2020இல் வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரில் நாயகியாக நடித்தார். அதை நினைத்து நாங்கள் பெருமைப்படுகிறோம். அதே 15,000 என்ற எண்ணை மற்றப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே போனால், மற்ற அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். இந்தத் தொழிலில் நிச்சயம் எதுவும் இல்லை. அதை நான் மகளிடம் ஒளிக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராக இருந்தார், பிறகு நீதிபதியாகவும் இருந்தார். அந்த உத்தியோகத்தோடு சேர்த்துத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களும் எழுதினார். வாசித்து நடித்த பிள்ளை நாளைக்கு நடிகையாக வரலாம். வராமல் வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ தாதியாகவோ போனாலும், எதிரில் நிற்கிற மனிதர் சொல்லாமல் விடுவதைக் கேட்கத் தெரிந்த ஒருத்தியாகப் போவாள். அந்த வாசிப்பு எந்தத் தொழிலிலும் வீண்போகாது. ஆகவே, வேண்டாம் என்று தடுக்கிற நேரத்தில் ஒரு நல்ல நாடகத்தைக் கையில் கொடுங்கள் என்பதுதான் பெற்றோரிடம் என் வேண்டுகோள்.

அந்த நாடகம் தமிழில் இருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? எங்கள் பிள்ளைகள் பலர் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்குகிறார்கள். பிள்ளைகள் மேல் பிழை இல்லை. விழாவுக்கு நாள் நெருங்கிவிடும், அவசரம். ஆனால் அப்படிப் பாடமாக்குகிற பிள்ளைக்கு ஓசை மட்டும்தான் கிடைக்கிறது. எந்தச் சொல்லில் நிற்க வேண்டும், எதைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும் என்பது பிடிபடுவதில்லை. 2020இல் ஷியாம் செல்வதுரையின் நாவலைத் தழுவி 'ஃபன்னி போய்' திரைப்படம் வந்தபோது, அதில் பேசப்பட்ட தமிழைப் பற்றி எங்கள் சமூகத்தில் எவ்வளவு வருத்தம் எழுந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கதைகள் இனியும் படமாகும், நாடகமாகும். அப்போது யாழ்ப்பாணத் தமிழை அதன் ஏற்ற இறக்கத்தோடு பேசி நடிக்க இந்த நகரத்தில் இளைஞர்கள் இருக்க வேண்டும். அவர்களை ஆயத்தப்படுத்துகிற பொறுப்பு எங்களுடையது.

அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் இருக்கின்றன, இரவல் எடுக்கக் காசு தேவையில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் யாரும் திறந்து வாசிக்கும்படி கிடைக்கின்றன. இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரப் பரீட்சைக்கு ஒரு பாடம், அதற்கென்று எழுதப்பட்ட நூல்களும் உண்டு. முன்னோடிகளும் இருக்கிறார்கள். க. பாலேந்திராவின் தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம் இலங்கையிலும் பிறகு இலண்டனிலும் உலக நாடகங்களைத் தமிழில் மேடையேற்றியது. எங்கள் ரொறன்ரோவில் மனவெளி கலையாற்றுக் குழு 'அரங்காடல்' நடத்தி நல்ல நாடகத்துக்கு ஒரு பார்வையாளர் கூட்டத்தையே உருவாக்கியது.

சங்கத்திடம் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். முதலாவது, மாதத்துக்கு ஒரு தரம் நாடக வாசிப்பு. ஒப்பனை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். வட்டமாகக் கதிரைகளைப் போட்டு, பிள்ளைகளும் பெற்றோரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து ஒரு தமிழ் நாடகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை உரத்து வாசிக்க வேண்டும். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். எங்கள் சங்கத்தில் ஊரில் கூத்தாடிய தாத்தாமார் இருக்கிறார்கள், பாடசாலை நாடகப் போட்டிகளில் பரிசு வாங்கிய அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முழுநீளத் தமிழ் நாடகம். ஒன்ராறியோ மாகாணம் 2014இலும், கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதமாக ஏற்றுக்கொண்டன. அந்த மாதத்தில் இந்த மேடையில் நடனமும் பாட்டும் இருக்கட்டும், எங்கள் பிள்ளைகள் வாசித்து, விவாதித்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஒரு நாடகமும் இருக்கட்டும். சினிமாப் பாட்டுக்கு ஆடுவதற்கு நாங்கள் செலவழிக்கிற பணத்திலும் நேரத்திலும் ஒரு பங்கு போதும்.

பெற்றோரே, பிள்ளை வாசிக்க வேண்டும் என்றால் வீட்டில் புத்தகத்தோடு ஒரு பெரியவரைப் பிள்ளை காண வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைத்தொலைபேசிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு சிறுகதையை உரத்து வாசியுங்கள். பிள்ளைக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுங்கள்.

திரைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளே, உங்கள் ஆசையை நாங்கள் மதிக்கிறோம். மேடையில் வெளிச்சம் உங்கள் மேல் விழுகிற அந்த நேரத்துக்காக எவ்வளவு ஏங்குகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். அந்த வெளிச்சத்துக்குள் வரும்போது சொல்வதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு வாருங்கள். அது உங்கள் தாத்தா பாட்டி பேசிய மொழியில், புத்தகங்களில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. எழுத்துக்கூட்டியாவது வாசியுங்கள். விளங்காத இடத்தில் எங்களைக் கேளுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் நீங்கள் போடப்போகிற நாடகத்துக்கு முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் வையுங்கள்.