கோழியின் படுக்கையும் செள் உபத்திரவமும்



விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பிரதேசம் பெரும்பாலும் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையை நம்பிச் சோளம், கம்பு, பருத்தி, பயறு வகைகள் இங்கே பயிராகின்றன. அம்மழையும் பல வருஷங்களில் பொய்த்துவிடும். ஆனபடியால், 1923-ம் வருஷத்தில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலும், பின்னர் பெருகிய பட்டாசு, அச்சுத் தொழில்களும் அநேக குடும்பங்களுக்கு ஜீவனாதாரமாயின. இத்தொழில்களில் கூலி பெறும் ஸ்திரீகள் பலருடைய வீட்டில் நாலைந்து நாட்டுக் கோழிகளும் உண்டு. கூலிப் பணம் அரிசிக்கும் கடனுக்கும் போய்விடும். முட்டையும் கோழியும் விற்ற காசு மாத்திரமே அத்தாயின் கையில் நிற்பது. ஒரு அடைக்கோழி சாவது அவ்வீட்டாருக்கு அற்ப விஷயமன்று.

கோழி செத்தால், "சீக்கு வந்துவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் அவ்விதம் திடீரென்று வந்து கூட்டையே காலி செய்வது உண்மைதான். அதற்குக் கால்நடை மருந்தகத்தில் போடப்படும் தடுப்பூசியே வழி. ஆனால் எல்லாக் கோழிகளும் அந்நோயால் சாவதில்லை. கொண்டை வெளுத்து, தீனி எடுத்தும் மெலிந்து, முட்டை குறைந்து சாகும் கோழிகள் பல. அவற்றின் சத்துரு பெரும்பாலும் அவை படுக்கும் இடத்திலேயே குடியிருக்கிறது.

இச்சத்துருக்கள் யாவை? முதலாவது, சிவப்புச் செள். இது பகலில் கோழியின் மேல் இராது. கூட்டின் இடுக்கிலும், கோழி அடையும் கம்பின் அடியிலும், கூளத்திலும் ஒளிந்திருந்து, இரவில் ஏறி இரத்தத்தை உறிஞ்சிவிட்டு இறங்கிவிடும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இதனாலேயே. இரண்டாவது, கோழி உண்ணி. வெப்பமும் வறட்சியும் மிகுந்த சீமையில் இது செழிக்கும். இரத்தமின்றி ஓராண்டிற்கு மேலும் உயிர் தரிக்க வல்லது. கடிப்பதோடு நில்லாமல், ஒருவகைக் காய்ச்சல் கிருமியையும் கோழியின் உடம்பில் புகுத்திவிடும். மூன்றாவது, பேன். இது கோழியின் இறகிலேயே பிறந்து இறகிலேயே மடிவது. நான்காவது, எச்சத்தின் வழியே பரவும் குடற்புழுவும், குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியும். இந்தக் கழிச்சல் கிருமிக்கு உஷ்ணமும் ஈரமும் கிடைத்தால், எச்சத்தில் வெளிவந்த இரண்டொரு நாளிலேயே மறு குஞ்சைத் தாக்கும் வலிமை பெற்றுவிடும்.

இவற்றுள் பேன் ஒழிந்த மற்றவை யாவும் படுக்கையின் ஈரத்தையோ அழுக்கையோ இடுக்கையோ நம்பிப் பிழைப்பவை. ஆகவே கோழிக்கு மருந்து தேடுமுன் படுக்கையைப் பார்க்க வேண்டும்.

அடைக் கூடையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியது அவசியம். கோழி அடைகாப்பது 21 நாள். வெப்ப காலத்தில் செள் முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஏறக்குறைய 7 நாளே போதும். எனவே கோழி ஒருமுறை குஞ்சு பொரிப்பதற்குள் செள் மூன்று தலைமுறை பெருகிவிடுகிறது. அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்தோடுவதும், கூடையிலேயே செத்துக் கிடப்பதும், பொரித்த குஞ்சுகள் வெளுத்து மடிவதும் இதனால் நேர்வன. இடிக்குப் பயந்து அடைக் கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அவ்வளவு சிரத்தையுள்ள தாய்மார்கள், பழைய கூளத்தை எரித்துவிட்டு, கூடையைக் கொதிநீரில் அலசி வெயிலில் காய வைத்து, புது மணலும் காய்ந்த வேப்பிலையும் இட்டு அடை வைப்பார்களானால், குஞ்சுகள் பிழைக்கும்.

இனி, படுக்கைக்கு உகந்த பொருள் எது? நெல் உமி மிகச் சிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், வத்திராயிருப்புப் பக்கத்து அரிசி ஆலைகளில் இது கிடைக்கும். கடலைத் தோலும் நல்லதே. ஆனால் பூஞ்சணம் பிடித்ததை உபயோகித்தால் கோழியின் சுவாசப்பை கெடும். தென்னை நார்த் தூள் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சும். காய வைத்தே பரப்ப வேண்டும். வைக்கோலையும் சோளத் தட்டையையும் துண்டு துண்டாக நறுக்கிப் போடலாம்; முழுதாகப் போட்டால் கட்டியாகிச் செள்ளுக்கு வீடாகும். 5 அடி நீளமும் 4 அடி அகலமுமுள்ள கூட்டில் 3 அங்குல கனத்துக்கு 5 கன அடி உமி போதும்.

படுக்கையை வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்க. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் சரி. தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுதல் வேண்டும். மழைக் காலத்தில் சிறிது சுண்ணாம்புத் தூளைக் கலந்து கிளறினால் ஈரம் தணியும். அள்ளிய கூளம் வீணன்று. குப்பைக் குழியில் மக்கினால் முதல்தரமான எரு.

இப்பிரதேசத்தவர் முக்கியமாய் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பட்டாசு, தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் கழிவுக் காகிதமும் குச்சித் தூளும் இலவசமாகக் கிடைப்பதால், அவற்றைக் கோழிக் கூட்டில் பரப்ப மனம் ஏவும். அது கூடவே கூடாது. மருந்து பட்ட கழிவு ஈரத்திலும் உராய்விலும் தீப்பற்றக்கூடும்; அலுமினியப் பொடி கலந்த மருந்து நனைந்தால் தானே சூடேறும். கோழியோ எதையும் கிளறிக் கொத்தும்; பேரியம் உப்பு அதற்கு விஷம். கந்தகத் தூள் பேனையும் செள்ளையும் ஒழிக்கும் என்பது மெய்யே. எனினும் தொழிற்சாலையிலிருந்து வரும் கந்தகத்தில் குளோரேட்டு கலந்திருந்தால் தேய்த்த மாத்திரத்தில் வெடிக்கும். அவ்விரண்டும் சேர்ந்த வெடிபொருள்களை, தீப்பெட்டி போன்ற சிலவற்றுக்கு விலக்களித்து, இந்திய சர்க்கார் 1992-ம் வருஷத்தில் தடை செய்ததும் அந்த அபாயத்தை முன்னிட்டே. வேலைக்கு உடுத்திய துணியைக் கூட்டின் அருகே உதறுவதும் தகாது. ஒரு மூட்டை உமியின் விலையை மிச்சம் பிடிக்கப் போய்க் குடிசையைப் பறிகொடுப்பது சிக்கனமாகாது.

செள் இருக்கிறதா என்றறிய, இரவில் விளக்குடன் சென்று, கோழி அடையும் கம்பின் அடியில் வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். இரத்தக் கறை படிந்தால் செள் உண்டு. அச்சு மையோ மருந்தோ படாத புது நெளி அட்டையைச் சுருட்டி இடுக்கில் செருகி வைத்தால் செள் அதனுள் ஒளியும். சில நாளில் எடுத்துக் கொதிநீரில் போட்டுவிடலாம். கூட்டின் இடுக்குகளைப் பூசி மூடி, சுண்ணாம்பு அடித்து, கம்பில் வேப்பெண்ணெய் தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தல் அவசியம். முதல் நாள் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். பேனுக்கு மண் குளியலே மருந்து: உலர்ந்த மணல் இரண்டு பங்கும், நன்றாக ஆறிச் சலித்த விறகுச் சாம்பல் ஒரு பங்கும் கலந்து ஒரு அகன்ற தொட்டியில் நிழலில் வைத்தால், கோழி தானே புரண்டுகொள்ளும்.

வயலுக்கு அடிக்கும் விஷ மருந்தைக் கோழிக்குத் தூவலாகாது. 2017-ம் வருஷத்தில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே சிவப்புச் செள்ளை ஒழிக்க, உணவுப் பிராணிகளுக்கு அனுமதியில்லாத பிப்ரோனில் என்னும் மருந்தை உபயோகித்ததால், அது முட்டையில் இறங்கி, கோடிக்கணக்கான முட்டைகள் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. குழந்தை உண்ணும் முட்டையல்லவா?

கடைசியாக, ஒரு வீடு மாத்திரம் சுத்தமாயிருந்து பயனில்லை. கோழிக்கு வேலி கிடையாது; அது தெரு முழுவதும் திரியும். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்க்காமல் கூட்டில் விடுவதால் ஊருக்கே செள் வருகிறது. ஆகையால் தெருவார் ஒரே நாளில் கூடு சுத்தம் செய்வதும், ஒரு வண்டி உமியைப் பொதுவில் வாங்கிப் பகிர்வதும் உசிதம். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் துரை நடத்திய கிராம புனருத்தாரண நிலையத்தார், ஏழைக் குடியானவர்களின் சொற்ப முட்டைகளைக் கூட்டுறவாகச் சேர்த்து விற்று நல்ல விலை கிடைக்கச் செய்தார்கள். அங்கே நாலு முட்டைக்காரர் நாற்பது பேராய்ச் சேர்ந்ததே பலம். அவ்விதமே இங்குள்ள மாதர் சுய உதவிக் குழுக்களும் கடன் வாங்குவதோடு நில்லாமல், மாதம் ஒரு நாளைக் கோழிக்கூட்டுக்கு ஒதுக்குவார்களாக.

உலர்ந்த படுக்கை, சுத்தமான அடைக் கூடை, தெருவாரின் ஒற்றுமை ஆகிய மூன்றுக்கும் பெரும் பொருள் வேண்டுவதில்லை. சிரத்தை ஒன்றே வேண்டுவது. அடுத்த அடை வைக்குமுன் கூடையின் பழைய கூளத்தை எடுத்து வெளியே போடுங்கள்; அங்கிருந்து தொடங்கினால் போதும்.