எதிர்வாதியின் சொல்லைக் கேட்டல்



நம் பாடசாலைகளிலே விவாதப் போட்டி என்றால் ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ‘நடுவர் அவர்களே’ என்று தொடங்கி, மனனம் செய்து வந்ததை மாணவன் முழங்குவான், மணி அடிக்கும், கைதட்டல் எழும். எதிரணியினன் என்ன கூறினான் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள், விழிப்பான். அவன் பேசியபோது இவன் தன் குறிப்புத் தாளையன்றோ பார்த்துக்கொண்டிருந்தான்! கண்டியை அடுத்த ஒரு பாடசாலையில் ஆசிரியனாயிருந்த நானும் நெடுநாள் இவ்வாறே பிள்ளைகளைப் பழக்கினேன்.

1951ஆம் ஆண்டிலே அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரொஜர்ஸ் ஓர் எளிய பயிற்சியை எடுத்துக் கூறினார். ஒருவர் பேசியபின் மற்றவர் மறுமொழி சொல்ல விரும்பின், முதலில் அவர் கருத்தைத் தம் சொற்களில் எடுத்துரைத்தல் வேண்டும். ‘ஆம், நான் சொன்னது அதுவே’ என்று முன்னவர் ஏற்றுக்கொண்ட பின்னரே தம் கருத்தைக் கூறலாம். தமிழுக்கு இது முற்றும் அயலானதன்று. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே சுபக்கத்துக்கு முன் பரபக்கத்தை வைத்தார். பிறர் கொள்கையை எடுத்துக் கூறிய பின்னரே மறுத்தார். மணிமேகலையும் வஞ்சி மாநகரிற் சமயவாதிகளை ஒவ்வொருவராக அணுகி அவரவர் கொள்கையைக் கேட்டறிந்தாள். அக்காதையின் பெயரிலேயே ‘கேட்ட’ என்னும் சொல் நிற்கிறது.

இம்முறையை என் வகுப்பிலே நடத்திப் பார்த்தேன். மகாவலியின் குறுக்கே எழுப்பப்பெற்று 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையையே பொருளாகக் கொடுத்தேன். 210 மெகாவாற்று மின்னாற்றலுக்கென அமைந்த அணை அது. பழைய தெல்தெனிய நகரம் அதன் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது. அணை கட்டியது தகுமா என்பது வினா.

நகரத்து மாணவன் ஒருவன் மின்சாரத்தையும் வயலையும் அடுக்கிப் பேசினான். எதிரே இருந்தவள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் மாணவி. அவளுடைய பேச்சு வழக்கைக் கேட்டுச் சிலர் நகைப்பதுண்டு. ஆகையால் அவள் வாய் திறப்பதே அரிது. அன்று அவன் கூறியதை மூன்றே வாக்கியங்களில் அடக்கிச் சொன்னாள். அவன் தலையசைத்தான். பின்பு அவள், “ஊரை இழந்தவர்களுக்கு வேறு நிலம் கொடுத்தார்கள், அயலாரைக் கொடுத்தார்களா?” என்றாள்.

அவன் முறை வந்தது. “அணையே வேண்டாம் என்கிறாள்,” என்றான். “நான் அப்படிச் சொல்லவில்லை,” என்றாள் அவள். இரண்டாம் முறையும் பிழைத்தான். மூன்றாம் முறை, “அணை தேவையாயிருக்கலாம், ஆனால் இழக்கப் போகிறவர்களை முதலிற் கேட்டிருக்க வேண்டும் என்கிறாள்,” என்றான். அவள் ஒப்புக்கொண்டாள். வகுப்பில் ஒருவரும் நகைக்கவில்லை. அடுத்து எடுத்துரைக்க வேண்டியவர் யாரென்று தெரியாதே!

இம்முறைக்கு நேரம் மிகுதியாகச் செல்லும். நாற்பது நிமிடப் பாடத்தில் இருவர் மூவரே பேச முடிந்தது. ஆகவே வகுப்பை மும்மூவராகப் பிரித்தேன்: ஒருவர் பேச, ஒருவர் கேட்டு எடுத்துரைக்க, மூன்றாமவர் பிழை திருத்துவார். கிளிப்பிள்ளைபோல் அதே சொற்களைத் திருப்பிச் சொல்வோருக்குப் புள்ளி இல்லை.

மறுவாரம் பக்கத்தை மாற்றினேன். அவள் அணைக்காக எழுந்தாள். அவன் தெல்தெனியவுக்காக எழுந்தான். நிலத்தைக் கொடுத்தார்கள், அயலாரைக் கொடுத்தார்களா என்று அவன் தொடங்கவே, அவள் சிரித்துவிட்டாள்.