மலையேறும் பழைய வண்டி



அட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள ஒரு கராஜுக்குப் பழைய லாண்ட் றோவர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே தொழில் பார்க்கும் இளைஞர் யப்பானிய வண்டிகளைக் கண்ணை மூடிக்கொண்டே கழற்றிப் பூட்டக்கூடியவர். ஆயினும், இவ்வண்டியில் அவர் செய்ய முனையும் முதற் காரியமே தடைப்படுகிறது. 13 மில்லிமீற்றர் ஸ்பனர் திருகாணித் தலையில் ஏற மறுக்கிறது, 14 வழுக்குகிறது.

குற்றம் இளைஞருடையதன்று. ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1841ஆம் ஆண்டில் வகுத்த அளவு முறையின் வழிவந்த திருகாணி அது. அம்முறையில் ஸ்பனரின்மேற் பொறித்த எண் தலையின் அகலத்தைக் குறிப்பதன்று. தண்டின் பருமனைக் குறிப்பது. கால் அங்குலம் என்று பொறித்த ஸ்பனரின் வாய் 13.3 மில்லிமீற்றர் இருக்கும்! இதனை அறியாது முரட்டுத்தனமாகத் திருகினால் ஆணித்தலை உருண்டையாகிவிடும். பின்னர் உளிதான் கதி.

லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடாக இருந்தமையால், உடற்பகுதியை அலுமினியக் கலவையிற் செய்தனர். ஓயாத மழையிலும் மூடுபனியிலும் அது துருப்பிடிப்பதில்லை. ஆனால், அடிச்சட்டம் உருக்கினாலாயது, உள்ளிருந்தே அரித்துப்போகும். மேலே பளபளப்பைக் கண்டு வாங்கியவர்கள் கீழே குனிந்து பாராமல் ஏமாறுவதுண்டு.

தோட்டத்துச் சரளைப் பாதைக்கென்றே பிறந்தது போன்ற இவ்வண்டி நெடுங்காலம் நிலைத்தமைக்கு அதன் உறுதி மட்டும் காரணமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 2020 மார்ச்சிலும் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் வழி திறந்தது. புதியது வாங்க இயலாதபோது பழையதைச் செப்பனிட்டே ஆகவேண்டும் அன்றோ?

இளைஞர் அடுத்துப் பற்றரியை மாற்றுகிறார். எல்லா வண்டிகளிலும் போல எதிர் முனையை வண்டியின் உடலோடு இணைக்கிறார். 1960களின் நடுப்பகுதிவரை வந்த இவ்வகை வண்டிகளிலோ நேர் முனையே உடலோடு இணைய வேண்டும். மாற்றிப் பூட்டினால் டைனமோ மின்னூட்டாது போகலாம்; கட்டுப்பாட்டுப் பெட்டியின் தொடுமுனைகள் கருகலாம். பழுது பார்க்க வந்த வண்டிக்குப் பழுது ஒன்று கூடிவிடுகிறது.

உயரமும் தன் பங்குக்குச் சோதிக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிற் சீராக ஓடிய காபுரேற்றர் இங்கே பெற்றோலை மிகுதியாக ஊட்டும். வண்டி கரும்புகை கக்கும். பிளக்குகளிற் கரி படியும். தண்ணீரும் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் ஆவி பறந்தால் றேடியேற்றர் ஓட்டை என்றே எண்ணிவிடக்கூடாது.

பிற தேயிலை மலைகளிலும் இதே கதைதான். டார்ஜிலிங் பகுதியில் மானேபஞ்சனிலிருந்து 3636 மீற்றர் உயரமுள்ள சந்தக்பூவுக்கு 1950களின் லாண்ட் றோவர்கள் நெடுங்காலம் பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றுட் பலவற்றில் மூல இயந்திரத்தை நீக்கி இந்திய டீசல் இயந்திரம் பொருத்தினார்கள். அது தகாது என்று முகஞ் சுளிப்போர் உண்டு. வயிற்றுப்பாட்டுக்காக ஓடும் வண்டி நூதனசாலைப் பொருளன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சரி, நம் இளைஞர் யாரிடம் போவார்? உற்பத்தியாளர் வெளியிட்ட கைந்நூல் கிடைத்தால் பேருதவி. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கும். மேலும், வண்டி புதிதாக இருந்த காலத்து நிலையையே அது கூறும். எழுபது ஆண்டுகளிற் பத்துப் பேர் கைவைத்து மாற்றியதை எந்நூலும் கூறாது. அதை அறிந்தவர் மலைநாட்டில் ‘பாஸ்’ என்று மரியாதையாக அழைக்கப்படும் முதிய கைவினைஞரே. தமிழரோ சிங்களவரோ, அவர் கற்றதெல்லாம் எடுபிடியாக நின்று கண்டது; எங்கும் எழுதி வைக்காதது. அவரோ மூப்படைந்துவிட்டார். அவருடைய பிள்ளைகளோ கொழும்பிற் கடைகளில் வேலை பார்க்கிறார்கள்.

இளைஞர் அவர் வீட்டுக்குச் சென்று அழைத்து வருகிறார். வண்டி இன்னும் உயிர் பெறவில்லை. பிளக்குக் கம்பிகள் முறை மாறிக் கிடக்கின்றன. பாஸ் முதற் பிளக்கைக் கழற்றச் சொல்கிறார். அத்துளையை விரலால் அடைத்துக்கொண்டு, முன்புறக் கைப்பிடியை மெல்லச் சுற்றச் சொல்கிறார். பிஸ்டன் இருமுறை மேலே வரும். காற்று விரலைத் தள்ளுவது ஒருமுறைதான். அந்த முறையில் பிஸ்டன் உச்சியை அடையும்போது பொறி எழவேண்டும். அங்கிருந்து 1-3-4-2 என்று கம்பிகளைப் பூட்டிக்கொண்டு போகலாம்.

பாஸ் தம் விரலை எடுத்துக்கொள்கிறார். “இப்போது நீ வை, தம்பி” என்கிறார்.