கதை இல்லாத நாவலும் பதினோரு டைரிகளும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு வாசித்தவனை இந்தத் தடவை புத்தகம் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார் செயலாளர்.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்த நாவல். பேங்க் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளை நண்பர் ஒருவர் படிக்கக் கொடுத்தார். இருபது பக்கம் தாண்டவில்லை. ஆரம்பத்திலேயே நாயகன் இறந்துவிடுகிறான்! ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன்; 1960 ஜனவரி 5, வயது 39. கற்பனை ஆள்தான். ஆனால் அதற்கு முந்தின நாள் ஆல்பெர் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கார் விபத்தில் இறந்தது நிஜம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் ஆசிரியர். பிறகு பாலு என்ற தமிழ் எழுத்தாளன் ஜே.ஜே.யைப் பற்றித் தேடிப் போகிறான். பின்பாதி முழுக்க ஜே.ஜே.யின் டைரி. கதை எங்கே? "டேலி ஆகவில்லை சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போன வருஷம் அப்பா தவறினார். மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷாப்பில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பரணில் அவருடைய டைரிகள் பதினொன்று கிடந்தன. எடைக்குப் போடக் கட்டி வைத்தேன். பழைய பேப்பர்காரர் வரத் தாமதம், சும்மா புரட்டினேன்.

"ஆட்டுத்தோல் ஒரு லோடு. மழை." "ஆவாரம்பட்டை விலை ஏற்றம்." அடுத்த நாள், "பையனுக்குக் காய்ச்சல். லீவு கேட்கவில்லை." அதற்கடுத்து மறுபடியும் தோல் கணக்கு.

அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா வரவில்லையே என்று அழுததும். ஏன் லீவு கேட்கவில்லை? சம்பளம் பிடிப்பார்கள் என்றா, கேட்கக் கூச்சமா? டைரியில் இல்லை. அடுத்து என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். இந்த மனுஷர் யார் என்பதுதான் தெரியவில்லை.

அந்த வாரமே ஜே.ஜே.யை வாங்கி முழுக்கப் படித்தேன். இலக்கியச் சண்டைகள் வரும் பக்கங்கள் இன்னமும் எனக்கு நீளம்தான். ஆனால் சாவை ஏன் முதலிலேயே சொல்லிவிட்டார் என்பது புரிந்தது. முடிவு தெரிந்துவிட்டால் அதற்காகப் பக்கத்தைத் தள்ள மாட்டோம், ஆளைப் பார்ப்போம்.

பழைய பேப்பர்காரருக்குச் செய்தித்தாள்களை மட்டும் போட்டேன். நாவல் என் வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம். டைரிகள் மட்டும் இரவல் கிடையாது.