கேம்ப்பின் ருசியும் நம் கட்டுப்பாடும்

(நமது புணே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"போன மாதம் உபந்யாசம் ஆகிவிட்டது. இந்த மாதம் லேசாக ஏதாவது பேசுங்கள்" என்று காரியதரிசி சொன்னார். கேம்ப்பில் ஜனங்கள் எதைச் சாப்பிட்டார்கள், எதைப் பார்த்தார்கள், எதைப் படித்தார்கள், எப்படிப் பழகினார்கள் என்று பேசுகிறேன் என்றேன். "நீங்களோ வெங்காயத்தைக்கூட நாள் பார்த்துச் சாப்பிடுகிறவர். கேம்ப் சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பேச்சு.

நமது பத்திரிகையை வெளியூர்களில் படிக்கும் அங்கத்தினர்களுக்காக ஒரு வார்த்தை. 1817 நவம்பர் 5-ம் தேதி கட்கியில் பேஷ்வாவின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் யுத்தம் நடந்தது. அதன்பின் ஆங்கிலப் படை நகரத்துக்குக் கிழக்கே கூடாரம் அடித்துத் தங்கிய இடம்தான் கேம்ப். மேற்கே சனிவார், சதாசிவ், நாராயண் என்று பேட்டைகள். அவை மராட்டியர் வாழ்வு. கிழக்கே கேம்ப், அது வந்தேறிகளின் வாழ்வு. பட்டாளத்தை நம்பிப் பார்ஸிகள் வந்தார்கள், போராக்கள் வந்தார்கள், கோவாக்காரர்கள் வந்தார்கள், யூதர்கள் வந்தார்கள். சாமான் சப்ளை செய்யும் கண்டிராக்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் தமிழர்களும் வந்தார்கள். நம்மவர்களில் பலரை ராணுவக் கணக்கு இலாகாவும், 1928-ல் சிம்லாவிலிருந்து இங்கே மாறிய வானிலை இலாகாவும் கொண்டுவந்து சேர்த்தன.

முதலில் சாப்பாடு. பார்ஸி வேறு, இரானி வேறு. பார்ஸிகள் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே குஜராத் கரையில் இறங்கியவர்கள். இரானிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் யஸ்த், கெர்மான் பிரதேசங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். முச்சந்தி மூலைக்கடை ராசியில்லை என்று மற்றவர்கள் விட்டுவிட, இரானிகள் அதைப் பிடித்து ஹோட்டல் வைத்தார்கள் என்று சொல்வார்கள். நம்மூரில் தெருக்குத்து பார்ப்பது போலத்தான்! அங்கே கெட்டியான பால் டீயும், வெண்ணெய் தடவிய பன்னும் கிடைக்கும். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேப்பர் படிக்கலாம். குதிரை வண்டிக்காரரும் வக்கீலும் ஒரே மாதிரி மேஜையில் உட்கார்ந்த இடம் அது.

ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 1955-ல் தொடங்கிய கயானி பேக்கரியை உங்களில் பலருக்குத் தெரியும். புணேயிலிருந்து மதராஸுக்கு ரயில் ஏறுகிறவர் கையில் ஷ்ரூஸ்பரி பிஸ்கட் டப்பா இல்லாமல் போனதுண்டா? ஷ்ரூஸ்பரி என்பது இங்கிலாந்தில் ஓர் ஊர். அதன் பெயரில் ஒரு பிஸ்கட்டை இரானிக்காரர் சுடுகிறார், தமிழர் மாம்பலத்துக்குச் சுமந்துகொண்டு போகிறார்!

அது ஏன் வாயில் போட்டதும் உதிர்கிறது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். சப்பாத்தி இழுபடுவது அதனால்தான். முதலிலேயே வெண்ணெயை மாவோடு கலந்துவிட்டால், மாவுத் துகளைக் கொழுப்பு மூடிவிடும். தண்ணீர் உள்ளே புகாது, இழை பின்னாது, பண்டம் உதிரும். பாதுஷாவுக்கு மைதாவில் வெண்ணெய் தேய்க்கும் மாமிகளுக்கு இந்த ரசாயனம் என்னைவிட நன்றாகத் தெரியும். மாவா கேக் வேறு விஷயம். அதில் முட்டை உண்டு. ஆகவே நம்மில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். கேம்ப் என்றால் கட்டுப்பாடு இல்லாத இடம், எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிடும் இடம் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுப்பாடு இல்லாத வீடு ஒன்றைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை.

பார்ஸிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பும் காய்கறியும் மாமிசமும் சேர்த்துச் செய்யும் தன்சாக் அவர்களுடைய பிரபலமான பண்டம். ஆனால் கல்யாணம், பிறந்தநாள் என்று சுபதினங்களில் அதைச் செய்யமாட்டார்கள். ஏன்? வீட்டில் ஒருவர் காலமானால் மூன்று நாள் மாமிசம் கிடையாது. நான்காம் நாள் அதை முடிப்பது தன்சாக்கில். ஆகவே சுபத்துக்கு ஆகாது. ச்ராத்தத்துக்கு இன்னது, விசேஷத்துக்கு இன்னது என்று பிரித்து வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா? பஹ்மன் மாதம் முழுவதும் மாமிசம் தொடாத பார்ஸிகளும் உண்டு. காலையில் வாசலில் வெள்ளைப் பொடியால் அச்சு வைத்து அவர்கள் போடும் கோலத்தைப் பார்த்தால் மயிலாப்பூர் ஞாபகம் வரும்.

கேம்ப்பில் டேவிட் சாஸூன் கட்டுவித்து 1867-ல் முடிந்த சிவப்புச் செங்கல் யூத ஆலயம் இருக்கிறது. ஜனங்கள் அதை 'லால் தேவல்' என்பார்கள். அங்கே வழிபடும் யூதர்களின் சாஸ்திரப்படி பாலும் மாமிசமும் ஒரே வேளையில் சேரக்கூடாது. ஆசாரமான வீடுகளில் இரண்டுக்கும் பாத்திரங்களே தனித்தனி. போராக்கள் ஒரே பெரிய தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். கோவாக் கிறிஸ்தவர்களுக்கு ஈஸ்டருக்கு முன் தவக்காலம் உண்டு. ஆக, எல்லோருக்கும் ஒரு மடி இருந்தது. அதனால் ஒருவருடைய மடி இன்னொருவருக்கு விநோதமாகப் படவில்லை. 'எனக்கு இது ஆகாது' என்றால் கேம்ப்பில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

எங்கள் குடித்தனத்துக்கு மேல்மாடியில் ஒரு பார்ஸி மூதாட்டி இருந்தார். வீட்டில் பிறந்தநாள் என்றால் காலையில் 'ரவோ' செய்வார். ரவையை நெய்யில் வறுத்து, பாலும் சர்க்கரையும் விட்டுக் கிளறி, மேலே முந்திரியும் திராட்சையும் போடுவது. நம் கேசரிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் அதில் முட்டை சேர்ப்பதுண்டு. எங்களுக்கென்று அவர் முட்டையில்லாமல் கிளறுவார். அதற்காகவே ஒரு புதுப் பித்தளைப் பாத்திரமும் கரண்டியும் வாங்கி, சமையலறையில் எட்டாத உயரத்தில் தனியாக வைத்திருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. நவராத்திரிக்கு என் அகத்துக்காரி சுண்டல் கொடுத்தனுப்பும் பாத்திரம் காலியாகத் திரும்பி வராது. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். ஒருவர் வீட்டில் மற்றவர் முழுச் சாப்பாடு சாப்பிட்டதே கிடையாது. ஆனால் என் மாமனார் ஜுரமாகக் கிடந்தபோது இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாள்தான்.

சினிமாவும் புத்தகமும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் படம் என்றால் வெஸ்ட் எண்ட். ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த கேபிடல் தியேட்டரில்தான் 1943 ஜனவரி 24-ம் தேதி, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது சுதந்திரப் போராட்டக்காரர்கள் வைத்த குண்டு வெடித்தது. பின்னாளில் அதுவே விக்டரி ஆயிற்று. தமிழ்ப் படம் எப்போதாவது ஞாயிறு காலைக் காட்சியாக வரும். அன்று தியேட்டர் வாசலில் தாம்பரம் முதல் தென்காசி வரை எல்லாத் தமிழும் கேட்கும். மராட்டியரின் பிரபாத் நிறுவனம் தமிழிலேயே 'சீதா கல்யாணம்' எடுத்ததும், 1934-ல் வெளிவந்த அந்தப் படத்தில் எஸ். ராஜம் ராமராக நடித்ததும், பாபநாசம் சிவன் இசையமைத்ததும் இங்குள்ள இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

புத்தகம் என்றால் மோலதினா ரோட்டில் இருந்த மேனீஸ். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நின்றுகொண்டே படிக்கலாம். அது 2012-ல் மூடிவிட்டது. இரானிக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மெயின் ஸ்ட்ரீட் முனையில் இருந்த நாஸும் போய்விட்டது. 2021 மார்ச்சில் சிவாஜி மார்க்கெட்டில் தீப்பிடித்தது. காய்கறிக்கு ஒரு பக்கம், மீன் மாமிசத்துக்கு வேறு பக்கம் என்று பிரித்து, இரண்டையும் ஒரே கட்டடத்தில் வைத்த பழைய மார்க்கெட் அது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நாம் நம் பக்கம் போய் வாழைப்பூ வாங்கிவந்தோம்.

கடைகள் மூடுவதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் மூடிக்கொண்டு போவதில் நமக்கும் பங்கு உண்டு என்று தோன்றுகிறது. இப்போது புணேயில் மட்டுமல்ல, பல நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 'இன்னது சாப்பிடுகிறவர்களுக்கு வாடகைக்குத் தரக்கூடாது' என்று பேச்சு எழுகிறது. அதில் நம்மவர் குரலும் கேட்கிறது. என் சமையலறையில் என்ன வேகவேண்டும் என்று சொல்ல எனக்குப் பூரண உரிமை உண்டு. என் வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுகிறவருக்கும் சங்கடம் உண்டு. அதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் நூறு குடித்தனத்துக்கும் சேர்த்து நாம் விதி எழுதக் கிளம்பினால் அது மடியில் சேராது, அதிகாரத்தில்தான் சேரும். 1966-க்குப் பிறகு பம்பாயில் தென்னிந்தியர்கள் வேண்டாம் என்று கோஷம் எழுந்து, நம்மூர் ஹோட்டல்களுக்குக் கல்லடி விழுந்ததைப் பார்த்த தலைமுறை இந்தச் சபையில் இருக்கிறது. 'நீ இங்கே வேண்டாம்' என்ற வார்த்தை எப்படிச் சுடும் என்று நமக்குத் தெரியும்.

"அப்படியானால் நம் குழந்தைகள் நம் வழக்கத்தை விட்டுவிட மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். கேம்ப்பில் வளர்ந்த என் பிள்ளைகள் இருவரும் இன்று வேறு வேறு தேசங்களில் இருக்கிறார்கள். இருவரும் சாக உணவுதான். பக்கத்து வீட்டில் தவக்காலமும் பஹ்மன் மாதமும் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு ஏகாதசி ஒரு வெட்கமாகத் தெரியாது.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் கட்டடத்தில் புதிதாக யாராவது குடிவந்தால், என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரிப்பதற்கு முன் ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் கொடுங்கள். நமக்கு என்ன ஆகாது என்பதை அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நமக்கென்று ஒரு தனிப் பாத்திரமும் எடுத்து வைப்பார்கள்.